சி.எஸ்.ஐ. பிறந்த கதை

நூறு வருஷத்துக்கு முன் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் ஆங்கிலிக்கன்; மதுரைக்காரர் அமெரிக்கன் மிஷன்; நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன். எந்த ஜில்லா எந்த மிஷனின் பங்குக்குப் போனதோ, அதுதான் ஒருவருடைய சபை. இங்கிலாந்தில் எப்போதோ நடந்த சபைச் சண்டைகளுக்குத் தேரிக்காட்டுப் பனைத் தொழிலாளி வாரிசாகியிருந்தார்! மதுரையும் நாகர்கோவிலும் 1908-லேயே பிரெஸ்பிடேரியன்களோடு கைகோத்துத் தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிவிட்டன. ஆங்கிலிக்கன்கள் மட்டும் அவர்களோடு இராப்போஜனப் பந்தியில் சேர முடியாதிருந்தது.

இது பொறுக்காமல் கிளம்பியவர், வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா. ஐக்கிய சபையின் வி. சந்தியாகுவும் அவரும் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். வந்த 33 பேரில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். மிஷனரிகள் நிறைந்த கூட்டத்தில் இப்படிச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு 28 வருஷம் பேச்சுவார்த்தை. 1925-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். தகராறெல்லாம் பேராயரைச் சுற்றியே. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் இராப்போஜனம் கொடுக்கலாமா என்றது ஆங்கிலிக்கன் பக்கம். தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்த எங்கள் ஐயர்மார் அரைகுறையா என்று கொதித்தது மறுபக்கம். கடைசியில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது: பழைய போதகர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம், இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கையால் அபிஷேகம், எந்தச் சபைமீதும் அதன் மனச்சாட்சிக்கு விரோதமாக ஒரு போதகரைத் திணிப்பதில்லை. இது லண்டனில் பலருக்குப் பிடிக்கவில்லை. கவிஞர் டி.எஸ். எலியட்டே 1943-இல் இத்திட்டத்தைத் தாக்கித் தனிப் பிரசுரம் எழுதினார்.

1945 ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். நாடு விடுதலையாகி ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. யாழ்ப்பாணம் உட்பட 14 திருமண்டலங்கள். மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன் சபையிலிருந்து வந்த மிஷனரி அவர். லுத்தரன்கள் சேரவில்லை. ஆந்திரத்தின் நந்தியால் ஆங்கிலிக்கன்கள் முரண்டுபிடித்து 1975-இல்தான் உள்ளே வந்தார்கள்.

பேராயர் விவகாரத்தை இவ்வளவு பொறுமையாகத் தீர்த்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வந்த பிரிவினைகளைத்தான் அவர்கள் தீர்த்தார்கள். சாதி எந்தக் கப்பலிலும் வந்ததல்ல; அது அந்தத் திட்டத்துக்குள் அடங்கவில்லை. திருமண்டலத் தேர்தலை ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.