பாட்டி அறிந்த ஆங்கிலச் சொல்

பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' என்று பெயர். இது சீமையில் பிறந்த சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திண்டுக்கல் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுப் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது 'பந்திக்கொக்கு'. தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. கொக்கு என்பது எலி. நம் குளத்துக் கொக்கு அல்ல. ஆக, பன்றி எலி.

பொருத்தமான பெயர்தான். வளைத்து மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரியே உறுமும். மண்ணைத் தோண்டுவதிலும் சளைத்ததல்ல. நன்கு வளர்ந்தது ஒரு கிலோ எடைகூட இருக்கும். (அரசாங்கச் சொத்தைத் தின்கிறவர்களையும் பெருச்சாளி என்போம். என் உத்தியோக காலத்தில் அந்த ஜாதியையும் கண்டதுண்டு. அது வேறு கதை.)

தெலுங்கு நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி இதை எழுதிக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் தெலுங்கு மூலத்தை ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள். தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். பாவம், புத்தகத்தை அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1882இலேயே காலமாகிவிட்டார்.

சொல் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள், அங்கே நீண்ட மூக்குள்ள ஒரு பிராணியைப் பார்த்து அதற்கும் பேண்டிகூட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது எலியே அல்ல; கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது. பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் அதற்குப் 'பை' என்ற பொருள் வருமாறு 'பெராமெலிஸ்' என்று பெயரிட்டார். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் சொல்லவில்லை, அதுவே சரியான பெயர். ஆனாலும் உலகத்தில் நிலைத்தது நம் பந்திக்கொக்குதான். 1996இல் வீடியோ கேமிலும் ஏறிவிட்டது.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அந்த கேமைத் தெரியும். நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய தெலுங்குக் குடும்பம் அவனுடையது. எழுதப் படிக்கத் தெரியாமல், வாய்வழியாகவே இத்தனை தலைமுறை காப்பாற்றிய பாஷை; கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று இவன் வீட்டில்கூட அதைப் பேசுவதில்லை. "பேண்டிகூட் உங்கள் வீட்டுச் சொல்தான் தம்பி, பாட்டியைக் கேள்" என்றேன். நம்பாமல் போய்க் கேட்டிருக்கிறான்.

"பந்திக்கொக்கா? நேத்து ராத்திரிகூட அரிசி மூட்டையக் கடிச்சுப் போட்ருச்சேடா!" என்றாராம் பாட்டி.