கண்டவர் ஒருவர், ஒப்பிட்டவர் பலர்: வெள்ளிக் கடப்பின் வரலாறு

சூரிய வட்டின் மீது சிறு கரும்புள்ளியாக வெள்ளிக்கோள் ஊர்ந்து செல்வதை வெள்ளிக் கடப்பு என்பர். எட்டாண்டு இடைவெளியில் இரு முறை நிகழும். அதன்பின் மறு இணைக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அரபியில் ஸுஹ்ரா எனப்படும் இக்கோளைச் சூரியனின் முகத்தில் ஒரு மறுவைப் போலக் கண்டதாக இப்னு சீனா எழுதி வைத்துள்ளார். வெள்ளி, சில வேளைகளிலேனும் சூரியனுக்குக் கீழே நிற்கிறது என்னும் முடிவுக்கு அக்காட்சியை அவர் சான்றாகக் கொண்டார். அவர் வாழ்நாளில், 1032 மே 24 அன்று, ஒரு கடப்பு நிகழ்ந்தது உண்மை. ஆயினும் அவர் கண்டது வெள்ளியையா, சூரியப் புள்ளி ஒன்றையா என்று ஆய்வாளர் வாதிட்டு வருகின்றனர். அவருடைய குறிப்பில் நாள் இல்லை, இடம் இல்லை. வேறோர் ஊரிலிருந்து அதைக் கண்டு உறுதி செய்தவரும் இல்லை. பேரறிஞர் ஒருவரின் கூற்று இன்றளவும் ஐயத்தில் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு ஒப்பிடும் முறை அக்காலத்தில் அறியப்படாததன்று. இப்னு சீனாவுடன் அறிவியல் வினாக்களைக் கடிதவழி விவாதித்த அல்பீரூனியே அதற்குச் சான்று. 997 மே 24 அன்று நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தாம் குவாரிஸ்மின் காத் நகரிலும், அபுல் வஃபா பக்தாதிலும் நோக்குவதென இருவரும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டனர். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஊருக்கு ஊர் மாறுவது உள்ளூர் நேரமே. இருவர் குறித்த நேரங்களையும் ஒப்பிட்டபோது சுமார் ஒரு மணி வேறுபாடு தெரிந்தது. இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாடு அதிலிருந்து கிடைத்தது. அப்போது பீரூனிக்கு வயது இருபத்து மூன்று.

இதே ஒப்பீட்டைக் கொண்டு சூரியனின் தொலைவை அளக்கலாம் என்று 1716இல் எட்மண்ட் ஹாலி எழுதினார். கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். பூமியின் இரு கோடிகளிலிருந்து நோக்குவோர்க்கு வெள்ளியும் அவ்வாறே சூரிய வட்டின் மீது சற்று வேறுபட்ட பாதைகளில் செல்லும். அவ்வேறுபாட்டைக் கணிக்க, நோக்கிய இடமும் நேரமும் பிழையின்றித் தெரிய வேண்டும்.

1761 ஜூன் 6 அன்று நிகழ்ந்த கடப்பைச் சென்னையில் ஆளுநர் பிகட் உள்ளிட்டோருடன் பாதிரியார் வில்லியம் ஹிர்ஸ்ட் நோக்கினார். அவரது குறிப்பு இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இடம்பெற்றது. அதே நாளில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல் நடுக்கடலில் இருந்தார். அவர் நாடி வந்த புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டிருந்தது. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் பயன்படாது; நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. கண்ணாரக் கண்டும், பிறர் கண்டதோடு ஒப்பிட இயலாத காட்சியாக அது வீணாயிற்று.

அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்த அவர், பிரெஞ்சுக்காரரிடம் மீண்ட புதுச்சேரியில் நோக்ககம் அமைத்தார். போரில் எதிரிகளாய் நின்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்துதவினர். 1769 ஜூன் 4 காலை மேகம் சூரியனை மறைத்தது. ஆனால் அவர் பயணம் முற்றும் பயனற்றுப் போகவில்லை. தமிழர் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிப்பதை அவர் பயின்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைந்ததையும், ஐரோப்பிய அட்டவணை 68 வினாடி மிகுந்ததையும் மறைக்காமல் பதிந்தார்.

1769இல் ஹிர்ஸ்ட் கிரீன்விச்சில் இருந்தார். ஒரே இடத்தில் உடன் நின்று நோக்கியோர் குறித்த நேரங்கள்கூட அரை நிமிடத்திற்கு மேல் வேறுபட்டன. சூரிய விளிம்பை வெள்ளி விட்டுப் பிரியும் கணம் தெளிவாகத் தோன்றாமையே காரணம். தனிமனிதர் கண்ணின் பிழை, பலர் பதிவுகளை அருகருகே வைத்தபோதுதான் வெளிப்பட்டது. அவ்வாறு பதிவுகளை ஒப்பிட்டு 1771இல் தாமஸ் ஹார்ன்ஸ்பி கண்ட தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 8 இலட்சம் கிலோமீட்டர். இன்றைய அளவு 14 கோடியே 96 இலட்சம்.

1874 டிசம்பர் 9 கடப்பை முன்னிட்டுச் சென்னை வான்நோக்ககத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி விளக்க நூல் ஒன்றை எழுதினார். அது ஆங்கிலத்துடன் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வெளிவந்தது. பொதுமக்களும் இந்நிகழ்வை அறிந்து நோக்க வேண்டும் என அவர் கருதியதை இது காட்டுகிறது.

2004 ஜூன் 8 அன்று விருதுநகர், சிவகாசி வட்டாரத்து வானில் கடப்பு முழுவதும் பகற்பொழுதில், முற்பகலில் தொடங்கி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் முடிந்தது. அன்று பல நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவாளர் அனுப்பிய நேரங்களை ஐரோப்பியத் தெற்கு வான்நோக்ககம் தொகுத்தது. கிடைத்த தொலைவு உண்மை அளவிலிருந்து சுமார் 11 ஆயிரம் கிலோமீட்டரே விலகியிருந்தது. அவர்களுள் பலர் மாணவரும் ஆர்வலருமே.

அடுத்த கடப்பு 2117 டிசம்பரில். அதை நாம் காணப்போவதில்லை. ஆனால் பிறை காண்பது முதல் அன்றாட வானில் காணும் எதையும், நாளும் நேரமும் இடமும் குறித்து, பிறர் சரிபார்க்கும் வண்ணம் எழுதி வைப்பது நம்மால் இயலும். பீரூனியும் அபுல் வஃபாவும் விட்டுச் சென்ற வழக்கம் அதுவே.