பெட்ரோல் ஜிடிஐயா, டீசல் டிடிஐயா? ஒரு நாற்பது வருடச் சண்டையின் கதை

கார் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒன்று பெட்ரோல் கட்சி, இன்னொன்று டீசல் கட்சி. "சின்னக் கார்தான், ஆனால் பறக்க வேண்டும்" என்று ஆசைப்படுகிறவர்களிடம் இந்தச் சண்டை இன்னும் பலமாக இருக்கும். ஐரோப்பாவில் இது சுமார் நாற்பது வருடம் நடந்தது. கடைசியில் ஜெயித்தது எது? நல்ல எஞ்சினா, அல்லது வேறு ஏதாவதா? முதலில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

ஆரம்பம்

1970களின் நடுவில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் சில ஊழியர்கள் ஒன்று சேர்ந்து, மேலிடத்தின் முறையான உத்தரவு இல்லாமலேயே, சாதாரண கோல்ஃப் காரை வேகமான காராக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். அதன் பலன்தான் கோல்ஃப் ஜிடிஐ. 1975 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் 9 விநாடி, அதிகபட்ச வேகம் 182 கி.மீ. நிறுவனம் போட்ட கணக்கு 5,000 கார்கள். ஆனால் அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது!

ஏன் இவ்வளவு வரவேற்பு? அதுவரை வேகமான கார் என்றால் இரண்டே இருக்கை, அதிக விலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவது என்று இருந்தது. இதில் பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம், காய்கறி வாங்கலாம், மாலையில் மலைப்பாதையில் விரட்டவும் செய்யலாம். "ஹாட் ஹேட்ச்" என்ற பெயர் இந்த வகைக்கு நிலைத்துவிட்டது. 1984ல் பிரான்ஸிலிருந்து பியூஜோ 205 ஜிடிஐ வந்து போட்டியைச் சூடாக்கியது.

அதே 1976ல் கோல்ஃப் டீசலும் வந்தது. வெறும் 50 குதிரைத்திறன். 100 கி.மீ. வேகத்துக்குப் போக ஜிடிஐயைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம்! டாக்ஸிக்காரர்களுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கும் அது போதும். வேக விரும்பிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1982ல் டர்போ பொருத்திய கோல்ஃப் ஜிடிடி 70 குதிரைத்திறனோடு வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

திருப்பம்

1980களின் கடைசியில் பிரிட்டனில் ஹாட் ஹேட்ச்களுக்கு ஒரு சோதனை வந்தது. திருடர்களுக்கும் அந்தக் கார்களைப் பிடித்துப்போனதுதான் காரணம். திருடி, சும்மா விரட்டி ஓட்டி, எங்காவது மோதிவிட்டு ஓடுவது ஒரு பழக்கமாகவே ஆனது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போயின. கார் வாங்கக் காசு இருந்த இளைஞர்களாலும் இன்ஷூரன்ஸ் கட்ட முடியவில்லை.

இதே சமயத்தில் டீசல் எஞ்சின் மாறிக்கொண்டிருந்தது. 1989ல் ஆடி 100 காரில் டிடிஐ எஞ்சின் வந்தது. டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை, கூடவே டர்போ, அதைக் கட்டுப்படுத்த எலெக்ட்ரானிக்ஸ். 1993ல் கோல்ஃபில் 90 குதிரைத்திறன் டிடிஐ வந்தது. 1998ல் இருந்து வந்த ஃபோக்ஸ்வாகனின் பம்ப் இன்ஜெக்டர் முறையில் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 2,000 பாரையும் தாண்டியது. மந்தமான டீசல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரே திறன், இரண்டு குணம்

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள நான்காம் தலைமுறை கோல்ஃபை எடுத்துக்கொள்ளலாம். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். 1.9 லிட்டர் டிடிஐ டீசல், அதுவும் 150 குதிரைத்திறன். 100 கி.மீ. வேகத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம், சுமார் எட்டரை விநாடி. ஆனால் டார்க் என்று சொல்லப்படும் முறுக்கு விசை பெட்ரோலில் 210 நியூட்டன் மீட்டர், டீசலில் 320.

முறுக்கு விசை இவ்வளவு அதிகம் என்றால் டீசல்தானே முந்த வேண்டும்? முந்தாது. திறன் என்பது முறுக்கு விசையையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. டீசல் சுமார் 4,000 சுற்றிலேயே முழுத் திறனைக் கொடுத்துவிடும், அதற்கு மேல் மூச்சு வாங்கும். பெட்ரோல் 5,700 வரை போகும். அதனால் டீசலுக்கு நீளமான கியர்கள் வைக்கிறார்கள். சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பெரிய வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

அப்படியானால் தினசரி ஓட்டத்தில் என்ன லாபம்? சோம்பேறித்தனமாக ஓட்டலாம், அதுதான் லாபம்! நெடுஞ்சாலையில் லாரியை முந்த கியரைக் குறைக்க வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும். 100 கி.மீ. தூரத்துக்கு டீசல் சுமார் ஐந்தரை லிட்டர் குடித்தால் பெட்ரோல் எட்டு லிட்டர் அளவுக்குக் குடித்தது. ஜெர்மனியில் டீசலுக்கு லிட்டருக்கு 47 சென்ட் வரி, பெட்ரோலுக்கு 65 சென்ட். பிரிட்டனில் டீசல் விலை குறைவில்லை. ஆனால் 2001ல் சாலை வரியையும் 2002ல் கம்பெனி கார் வரியையும் கரியமில வாயு அளவோடு இணைத்தார்கள். குறைவாகக் குடிக்கும் டீசலுக்கு அது கொண்டாட்டம்.

2003ல் ஸ்கோடா ஃபேபியா வி.ஆர்.எஸ். வந்தது. விளையாட்டுக் காரின் பெயரில் வந்த இதற்கு டீசல் எஞ்சின் மட்டும்தான்! 130 குதிரைத்திறன், 310 நியூட்டன் மீட்டர்.

லேப்டாப் மெக்கானிக்குகள்

டர்போ டீசலில் இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதன் புரோகிராமை மாற்றினால் 130 குதிரைத்திறன் எஞ்சின் 165, 170 வரை கூடக் கொடுக்கும். ஒரு ஸ்பானர் கூடத் தேவையில்லை. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் ஜிடிஐயில் இந்த அளவு கூட்ட வேண்டுமானால் எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

இலவசம் என்று எதுவும் இல்லையே! கூடிய முறுக்கு விசை கிளட்சைத் தேய்த்தது, ஃப்ளைவீலை உடைத்தது. அளவுக்கு மீறி டீசல் விட்டால் கறுப்புப் புகை. பிறகு யூரோ 5 விதி வந்தபோது புகை வடிகட்டி எல்லா டீசல் கார்களிலும் ஏறியது. அது சுத்தமாக வேண்டுமானால் வண்டி சூடாகி நீண்ட தூரம் ஓட வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். சிலர் வடிகட்டியையே கழற்றி எறிந்தார்கள். 2014 பிப்ரவரி முதல் பிரிட்டனின் வருடாந்திரப் பரிசோதனையில் அப்படிப்பட்ட கார்கள் தோற்க ஆரம்பித்தன.

முடிவு

2010ல் அடுத்த ஃபேபியா வி.ஆர்.எஸ். 180 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினோடு மட்டும் வந்தது! சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் டீசலின் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. 2013ல் இந்தியாவிலும் இதே ஜோடி வந்தது. போலோ ஜிடி டிஎஸ்ஐ பெட்ரோல், ஜிடி டிடிஐ டீசல், இரண்டுக்கும் 105 குதிரைத்திறன். முறுக்கு விசை 175க்கு எதிராக 250.

2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. 2015 செப்டம்பரில் பெரிய குண்டு வெடித்தது. சோதனைச்சாலையில் மட்டும் சுத்தமாக நடிக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்கள்! 2018ல் ஹாம்பர்க் நகரம் இரண்டு சாலைகளில் பழைய டீசல் வண்டிகளைத் தடுத்தது. 2019 ஏப்ரலில் லண்டன் விதித்த கட்டணம் இன்னும் வேடிக்கையானது. 2006ல் வாங்கிய பெட்ரோல் ஜிடிஐ சும்மா போகலாம். எட்டு வருடம் புதிய டீசல் பலவற்றுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு! இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன் இங்கே டீசலையே நிறுத்திவிட்டது.

ஆக, ஒவ்வொரு முறையும் வெற்றியை முடிவு செய்தது குதிரைத்திறன் அல்ல. முதலில் திருடர்களும் இன்ஷூரன்ஸும், பிறகு வரி, கடைசியில் காற்று. டீசல் மிச்சப்படுத்தியது உண்மைதான். காரில் இருந்தவருக்குப் பணம் மிச்சம். அந்தப் புகையின் செலவைக் கட்டியது நடைபாதையில் நடந்து போனவர். அந்தக் கணக்கை எந்த ஷோரூமிலும் யாரும் எழுதிக் காட்டவில்லை.