தண்டவாளமும் பேரேடும்

பேராக்கின் கோலா செபத்தாங்கில் ஒரு பழைய ரயில் நிலையப் பெயர்ப்பலகை நிற்கிறது. 'போர்ட் வெல்ட்' என்னும் ஊரின் முன்னாள் பெயர் அதில் நான்கு எழுத்துகளில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று தமிழ். தண்டவாளம் இன்று இல்லை. 1885 ஜூன் 1ஆம் நாள், தைப்பிங்கிலிருந்து அங்கு வரை சுமார் 13 கிலோமீட்டர் ஓடியதே மலாயாவின் முதல் ரயில்.

லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவரவே அப்பாதை போடப்பட்டது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுத்துறையையும், 1891இல் சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் இணைத்த பாதைகளின் நோக்கமும் அதுவே. 1909இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயிலில் செல்ல முடிந்தது.

ரயில் முடிந்த இடத்தில் நம் முன்னோரின் பிழைப்பு தொடங்கியது. பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள், தொங்காங் ஓட்டியவர்கள், காவடித் தண்டில் சோறு சுமந்து விற்றவர்கள், சூலியா தெருவில் நாணயம் மாற்றியவர்கள் எனப் பலரும் நம்மவர்களே. வெல்ட் கீயில் மணிக்கூண்டுடன் நிற்கும் கட்டடம், தண்டவாளமே இல்லாத ரயில் நிலையமாக இருந்தது. அங்கே சீட்டு வாங்கி, படகேறிப் பிறைக்குப் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். அக்கரையிலும் இதே கதைதான். 1861இல் நாகப்பட்டினத்தையும் தஞ்சையையும் ரயில் இணைத்தது. உள்நாட்டு ஊர்க்காரர்களுக்குக் கப்பல்துறை எட்டும் தொலைவுக்கு வந்தது.

ரயில்வேயின் ஆண்டறிக்கைகளும் அரசுச் செயலகக் கோப்புகளும் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எத்தனை டன் ஈயம் போனது, எவ்வளவு கட்டணம் வந்தது என்பதை அவற்றில் பார்க்கலாம். அந்த மூட்டையைச் சுமந்தவர் யார், அவருக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் யார், ஊருக்கு அவர் அனுப்பிய பணம் எவ்வளவு என்பவை அங்கே கிடைப்பது அரிது. அவை நம் கடைப் பேரேடுகளிலும், பற்றுச்சீட்டுகளிலும், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களிலும் இருந்தவை.

2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது பழைய கடைகள் பல காலியாயின. 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. சுவர்களைக் காக்கச் சட்டம் வந்தது. கடைக்குள் இருந்த காகிதங்களைக் காக்க எவரும் வரவில்லை. கடை கைமாறும்போது கணக்குப் புத்தகம் குப்பைக்குப் போவதை நாமே பார்த்திருக்கிறோம். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறோம். இந்தக் குறை நம்முடையது.

ஐம்பதாம் ஆண்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாப்பாவின் டிரங்குப் பெட்டியை எறியும் முன் திறந்து பாருங்கள். பேரேடோ, கப்பல் சீட்டோ, பழைய கடிதமோ இருந்தால் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். பட்டியலிட்டு, படியெடுத்து, உங்கள் சம்மதத்துடன் காப்பகத்தில் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ். நூற்றாண்டு மலர் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு டன் கணக்கோடு நம் பெரியவர்களின் பெயர்களும் கிடைக்கட்டும்.