விரைவன்று, சமநிலையே

விரைவை அளக்கும் மோட்டார்ப் போட்டிகளை இலங்கையர் நன்கறிவர். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கிற்று. தியத்தலாவைப் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று தடம் விலக, எழுவர் மாண்டனர். விரைவை விடுத்துச் சமநிலையை அளக்கும் போட்டியும் உண்டு. அதுவே மோட்டார் சைக்கிள் சோதனையோட்டம்.

இதன் பிறப்பிடம் பிரித்தானியா. எடின்பரோக் கழகத்தார் 1909 இல் ஸ்கொத்லாந்தில் பலநாட் சோதனையோட்டத்தைத் தொடக்கினர். 1914 இல் அல்பிரட் ஸ்கொட் என்பார் தம் தொழிற்சாலைப் பணியாளரை யோர்க்சயரின் கரடுநிலத்தில் ஓட்டிக் காட்டுமாறு அறைகூவினார். 1975 இல் இது உலகச் சாம்பியன் போட்டியாக உயர்ந்தது.

இதன் விதி எளிது. பாறையும் சேறும் ஓடையும் உடைய பாதை பல கூறுகளாகக் கொடியிட்டு வகுக்கப்படும். ஒரு கூற்றில் கால் நிலத்தில் ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேலாயின் 3, வீழ்ந்தாலோ எல்லை கடந்தாலோ 5 எனக் குற்றப்புள்ளிகள் இடப்படும். குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். கூறுதோறும் நின்று புள்ளியிடுவோர், பெரும்பாலும் ஊதியம் பெறாத கழகத்தாரே. அவர்தம் நேர்மை தளரின் போட்டியும் பொய்யாகும்.

கற்பிட்டிக் கரையில் இளைஞர் இதனை நடத்த எண்ணின், வேண்டுவது விலைமிகு ஓடுபாதையன்று. நிலத்துக்குரியாரின் இசைவும், சில கொடிகளும், நடுநிலை பிறழாத கண்களுமே.