மாமாவின் மாங்காய்ப் பூட்டு

உள்ளங்கையில் வைத்தால் நன்றாகக் கனக்கும். மாங்காய் வடிவம், இரும்பு உடம்பு, சாவித்துவாரத்தை மூடப் பித்தளையில் ஒரு சின்ன நாக்கு. அந்த நாக்கில் மாமாவின் கட்டைவிரல் பட்டுப்பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. 1968-இல் திண்டுக்கல்லில் வாங்கியது. அவருக்கு ரயில்வேயில் கார்டு வேலை கிடைத்திருந்த புதிது.

அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு வீட்டுக்கு அடுத்தபடி இரும்புப் பெட்டிதான். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு, விசில், விதிப்புத்தகம், முதலுதவிச் சாமான் எல்லாம் அதற்குள். டெட்டனேட்டர் என்கிற வெடிகளும் இருக்கும். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கார்டு பின்னால் நடந்துபோய்த் தண்டவாளத்தில் அவற்றைப் பொருத்த வேண்டும். பின்னால் வரும் வண்டியின் சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். டிரைவர் பிரேக் பிடிப்பார். "இந்தப் பொட்டி தொலைஞ்சா என் வேலை மட்டும் போகாது, வண்டியில இருக்கிறவங்க உயிரும் போகும்" என்பார் மாமா. அதனால்தான் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு. உள்ளே ஆறு லீவர்கள், ஒவ்வொன்றும் அரத்தால் கையில் தேய்த்துப் பொருத்தியவை. சாவியின் பற்கள் அத்தனை லீவரையும் அதனதன் அளவுக்கு, கூடாமல் குறையாமல், தூக்கிப் பிடித்தால்தான் தாழ் நகரும்.

மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அப்போது மீட்டர் கேஜ். 1914-இல் கட்டிய பாம்பன் பாலத்தின் மேல், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டி, கடைசிப் பெட்டியில் மாமாவோடு அந்தப் பூட்டும் போய் வந்தது. இரும்பை இரக்கமில்லாமல் அரிக்கிற காற்று அது. மாமாவின் சைக்கிள் துருப்பிடித்தது, குடைக்கம்பி துருப்பிடித்தது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிப்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். உள்ளே மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டார். வண்டி ரிப்போர்ட் எழுதுகிற பென்சிலை எடுத்து, பழைய பிளேடால் அதன் கரியைத் தாளின் மேல் சுரண்டி, தாளை மடித்துச் சாவித்துவாரத்துக்குள் ஊதுவார். "எண்ணெய் விட்டா தூசி ஒட்டும்மா. கரித்தூள்னா வழுக்கிக்கிட்டே இருக்கும்." கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் மாதத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

இரண்டு வருஷம் கழித்து, 1998-இல், பி.எட். படிக்கப் போகிறேன் என்றேன். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். மருமகளை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற வீடு உண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று காலையில் என் டிரங்குப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார். முப்பது வருஷம் தன் பெட்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றி அதில் மாட்டினார். "புதுசு ஒண்ணு வாங்கிக்கிறேனே மாமா" என்றேன். "புதுசு எனக்குப் போதும். இது இதுவரைக்கும் என்னை ஏமாத்தினதில்ல" என்றார். இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தார். அத்தையைக் கூப்பிட்டு, அஞ்சறைப் பெட்டியில் கிடந்த இன்னொன்றையும் வாங்கி, இரண்டையும் என் கையில் வைத்து மூடினார்.

ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்று அத்தை சொன்னார். "அவ பொட்டிக்கு நமக்கு எதுக்குச் சாவி?" என்றார் மாமா.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கென்று பூட்டிக்கொள்ள ஒரு பெட்டி அதற்குமுன் இருந்ததில்லை. இன்றைக்கு நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்தக் காலைநேரம் இல்லாவிட்டால் இது இல்லை.

படிப்பு முடிந்ததும் பூட்டு மானாமதுரை வீட்டுக்கே திரும்பி வாசல் கதவுக்கு வந்தது. 2003-இல் மாமா ஓய்வு பெற்றார். அதன்பிறகு மீட்டர் கேஜ் தண்டவாளமும் போனது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அத்தைக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார், தன் பிள்ளைக்கே பரிசு கிடைத்த மாதிரி. 2022-இல் கார்டு என்ற பதவிப் பெயரை ட்ரெயின் மேனேஜர் என்று மாற்றியபோதுதான் கொஞ்சம் வாடினார். "கார்டுன்னா காவல்னு அர்த்தம்மா" என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் மாமா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அத்தையை எங்களோடு அழைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டும்போது பூட்டு விழவில்லை. சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. யார் என்ன சொல்லியும் அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போனேன். அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்தபிறகு கையால் செய்கிறவர்கள் அங்கேயே குறைந்துவிட்டார்கள். விசாரித்து விசாரித்து ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தேன். வயதான ஆசாரி ஒருவர் ரிவெட்டை அறுத்துப் பூட்டைப் பிளந்தார். லீவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் உட்புறத்தைத் தடவினார். நுனியில் கருப்பு.

"எண்ணெயே காட்டாம வச்சிருக்காங்களே. யாரும்மா இது?"

"என் மாமனார்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒடிந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார். ஆறு லீவரும் பழையவையே போதும், தேயவில்லை என்றார்.

பூட்டு இப்போது மறுபடியும் மானாமதுரை வாசலில் தொங்குகிறது. ஒரு சாவி அத்தையிடம், ஒரு சாவி என்னிடம். மாமாவின் மேசை இழுப்பறையில் பென்சில் இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறது.