கொல்லைக்கு வந்த குச்சி: மரவள்ளியின் வரலாறும் வளர்ப்பும்

சங்கப் பாடல்களில் வள்ளி என்பது ஒரு கொடி. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், ஏரின் உதவியின்றி அம்மலை தரும் உணவுகளாக மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கைக் குறிப்பிடுகிறார். மலையை முற்றுகையிட்ட வேந்தர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு அது. பசியால் பறம்பைப் பணியவைக்க முடியாது என்பதே அதன் பொருள். மலையும் கிழங்கும் பசியும் சேர்ந்து நிற்கும் இந்தச் சித்திரம் நம் இலக்கியத்தில் மிகப் பழையது.

அந்த வள்ளியின் பெயரைப் பிற்காலத்தில் இரண்டு அயல்நாட்டுக் கிழங்குகள் எடுத்துக்கொண்டன. இனிப்பானதற்குச் சர்க்கரைவள்ளி என்றும், மரம்போல் நிமிர்ந்து நின்றதற்கு மரவள்ளி என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரவள்ளிக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கொரு பெயர் உண்டு. நாஞ்சில் நாட்டில் மரச்சீனி, வேறு சில வட்டாரங்களில் ஏழிலைக்கிழங்கு, சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் குச்சிக்கிழங்கு அல்லது குச்சிவள்ளி. இலையைப் பார்த்தவர்கள் ஏழிலை என்றார்கள். நட்டு வளர்த்தவர்கள் குச்சி என்றார்கள். கடைசிப் பெயரில் நடவுமுறையே அடங்கியிருக்கிறது. இந்தச் செடிக்கு விதை வேண்டாம், ஒரு சாண் குச்சி போதும். அந்தக் குச்சியின் வழியாகவே இதன் வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

*

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. அமேசான் காடுகளின் தென்விளிம்பில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டுப்பயிராக்கிவிட்டார்கள். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து அதை ஆப்பிரிக்காவுக்கும், பின் இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள். இலங்கைக்கு 1786இல் டச்சு ஆளுநர் வான் டெ கிராஃப் காலத்தில் மொரீசியஸ் தீவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. திருவிதாங்கூரில் அதைப் பெருமளவில் பரப்பியவராக அறியப்படுபவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. செடிகளின்மீது தீராத ஆர்வம் கொண்ட அரசர் அவர். விஷக்கிழங்கு என்று மக்கள் அஞ்சியபோது அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்து அச்சத்தைப் போக்கினார் என்ற கதை இன்றும் வழங்குகிறது. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

ஆனால் அரசனின் ஆர்வத்தைவிடப் பசியே இந்தக் குச்சியை அதிகமான வீடுகளில் ஊன்றியது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றுபோயிற்று. திருவிதாங்கூரில் மரச்சீனியே பலருக்கு முழு உணவாயிற்று. அதே ஆண்டில் ஜப்பானியர் கைக்கு மாறிய மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுமுற்றத்திலேயே உணவு பயிரிடும்படி மக்கள் வற்புறுத்தப்பட்டார்கள். பூச்செடி நின்ற இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. அந்தத் தலைமுறைத் தமிழர்கள் பலருக்கு மரவள்ளி என்றாலே ஜப்பான்காரன் காலம்தான் நினைவுக்கு வரும். சிலர் பிறகு அதைத் தொடவே மறுத்தார்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் மரவள்ளித் துண்டு சேர்வதையோ, கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்குழம்போடு மரச்சீனி உண்பதையோ இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே கிழங்கு ஓரிடத்தில் விருந்தாகவும் வேறோரிடத்தில் அவமானமாகவும் நினைவில் தங்கியிருக்கிறது.

அதே போர் சேலத்தில் வேறொன்றைச் செய்தது. ஜவ்வரிசி என்ற சொல்லே ஜாவா அரிசி என்பதன் திரிபு என்பர். கீழ்த்திசைத் தீவுகளில் ஒருவகைப் பனையின் தண்டிலுள்ள மாவிலிருந்து செய்யப்பட்டு இறக்குமதியான பண்டம் அது. போரில் அந்த வரத்தும் தடைப்பட்டது. 1943ஆம் ஆண்டையொட்டிச் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் துணையோடு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். உடனே ஒரு கேள்வி எழுந்தது. பஞ்ச காலத்தில் ஏழைகளின் உணவை ஆலைக்கு அனுப்பலாமா? கிழங்கை உணவுக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1944இல் சேலம் ஆட்சியர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு முறையிட்டுத் தடையை நீக்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. ஆட்சியரின் கேள்வி மட்டும் அப்படியே நின்றுபோனது.

*

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, இந்த வரலாற்றின் நடுவில் இருக்கிறது. மேற்கே அரணாக நிற்கும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள், பெயர் எப்படி இருந்தாலும் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. அண்ணன் தம்பி மூவர் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்களாம். ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கே பழைய பயிர்கள். சாலை வந்தது, லாரி வந்தது, குச்சிக்கிழங்கும் பரவியது. இன்று கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் இருபுறமும் மரவள்ளியைக் காணலாம். கீழே ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஆலைகள் அதற்காகக் காத்திருக்கின்றன. கொல்லை என்ற சொல் வீட்டின் பின்புறத்தையும் குறிக்கும், வானம் பார்த்த புன்செய் நிலத்தையும் குறிக்கும். மரவள்ளி முதல் கொல்லையிலிருந்து இரண்டாம் கொல்லைக்கு நகர்ந்துவிட்டது. சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகிப்போவதும், அடுத்த மழையில் அது கீழே இறங்கிவிடுவதும் அந்த நகர்வுக்குக் கொடுத்த விலை.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. சாமை விதையைப் பானையில் கட்டி வைத்தால் அடுத்த பருவம்வரை இருக்கும். மரவள்ளிக் குச்சியை நிழலில் நிறுத்தி வைத்தாலும் ஓரிரு மாதங்களுக்குமேல் தாங்காது. எனவே அதை நடுகிறவர் அண்டை அயலாரை நம்பியே இருக்க வேண்டும். கேட்டால் கொடுப்பதும், கேளாமலே வேலியோரம் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவதும் வழக்கமாயின. பெரும்பாலும் விலையில்லாத விதை அது. இதன் நன்மையும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

*

இனி, அதை மீண்டும் வீட்டுக்கொல்லையில் வைக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

குச்சியைத் தேர்வதே முதல் வேலை. எட்டு முதல் பத்து மாதம் முற்றிய செடியின் தண்டில் நுனிப்பகுதி இளசு, அழுகும். அடிப்பகுதி கட்டையாகி மெதுவாகத் துளிர்க்கும். நடுப்பகுதியையே எடுக்க வேண்டும். ஒரு சாண் நீளம், எட்டு முதல் பத்துக் கணுக்கள் இருந்தால் போதுமானது. கூர்மையான கத்தியால் நசுங்காமல், அடியில் வட்டமாக நேர்வெட்டாக வெட்டினால் வேர் எல்லாப் பக்கமும் சீராக இறங்கும். மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, இரண்டு அங்குல ஆழத்தில் நேராக ஊன்ற வேண்டும். தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துவோர் உண்டு.

நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலை தழைக்கும், கிழங்கு வைக்காது. தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதால் ஓரடி உயர மேட்டுப்பாத்தி நல்லது. செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விட வேண்டும். நட்ட அன்றும் மூன்றாம் நாளும் நீர் விட்டு, பிறகு மூன்று மாதம்வரை வாரம் ஒருமுறை விடலாம். வேர் பிடித்தபின் மாதம் ஓரிரு முறையே போதும். துளிர்கள் பல வந்தால் எதிரெதிராக உள்ள இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். மக்கிய தொழுவுரம் அடியுரமாகப் போதும். அதற்குமேல் தழைச்சத்தைக் கொட்டினால் செடி மட்டுமே வளரும். கிழங்கு பருக்கச் சாம்பல்சத்து வேண்டும், அடுப்புச் சாம்பலே பயன்படும். முதல் மூன்று மாதம் களையெடுத்து மண் அணைக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் நடுவே சின்ன வெங்காயமோ கொத்தமல்லியோ உளுந்தோ வைத்து எடுத்துவிடலாம்.

ஒன்பது, பத்து மாதத்தில் கிழங்கு தயாராகும். பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கோடுகள் ஓடிக் கெட்டுவிடும் என்பதால், தேவைக்கேற்ப ஒவ்வொரு செடியாக எடுப்பதே சிறந்தது. மண்ணே அதற்குக் களஞ்சியம். ஆலைக்கு ஒரே நாளில் பிடுங்கிக் கொடுக்க வேண்டியவருக்கு இல்லாத இந்த வசதி வீட்டுத்தோட்டக்காரருக்கு உண்டு.

திருவிதாங்கூர் மக்களின் அச்சத்துக்கு இப்போது வருவோம். மரவள்ளியின் எல்லாப் பாகத்திலும் சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் உள்ளது. தோலிலும் இலையிலும் அது அதிகம், கசப்பு வகைகளில் இன்னும் அதிகம். தோலை முழுவதும் நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது. பசுந்தழையை மேய்ந்து ஆடுமாடுகள் இறப்பதுண்டு. எனவே வேலி அவசியம். மரவள்ளி உண்ட நாளில் இஞ்சியைத் தொடக் கூடாது என்ற நம்பிக்கை இலங்கையில் பரவலாக இருக்கிறது. இதுவும் பழைய அச்சத்தின் எச்சமாகலாம். வயலிலிருந்து குச்சி வாங்குவோர் எந்த வகை என்று கேட்டு வாங்குவது நல்லது. 1963இல் தொடங்கிய திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச் 165, எச் 226 போன்றவை ஆலைகளின் மாவுத் தேவைக்காகப் பெரிதும் பயிராகின்றன. ஆலைக்கு ஏற்றதெல்லாம் அடுப்புக்கு ஏற்றதென்று கொள்ள வேண்டியதில்லை.

*

விலையில்லாமல் கைமாறும் குச்சியின் ஆபத்துக்கு வருவோம். மரவள்ளியின் பெரும்பகை தேமல் நோய். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை சுருங்கி முறுக்கிக்கொள்ளும். வெள்ளை ஈ இதைச் செடிக்குச் செடி கடத்துகிறது. ஆனால் ஊருக்கு ஊர் கடத்துவது நாம்தான், குச்சியின் வழியாக. வந்த செடிக்கு மருந்தும் இல்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நோய் இலையில்தான் தெரியும், குச்சியில் தெரியாது. நாம் குச்சியைக் கேட்டுப் போகும் நேரமோ கிழங்கு பிடுங்கி இலையெல்லாம் உதிர்ந்துவிட்ட நேரம். ஆகவே செடி இலையோடு நிற்கும்போதே போய்ப் பார்த்து, தேமல் இல்லாததாக நாலைந்தைத் தேர்ந்து, தண்டில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். அறுவடையின்போது அவற்றிலிருந்து மட்டுமே குச்சி எடுக்க வேண்டும். நட்டபின் துளிரில் தேமல் தெரிந்தால் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

அண்மையில் வந்த பகை மாவுப்பூச்சி. தென்னமெரிக்கப் பூர்வீகம் கொண்ட இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கானோரின் உணவை அச்சுறுத்தியது. அதன் இயற்கை எதிரியைத் தேடியபோது, 1981இல் பராகுவே நாட்டில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி அகப்பட்டது. அதை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய ஹான்ஸ் ஹெரென் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் காணப்பட்டு விரைவில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நுனிகள் கொத்தாகச் சுருண்டன, வயல்கள் காய்ந்தன. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அந்தக் குளவி 2022 மார்ச் மாதம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. ஏத்தாப்பூர் கல்வராயன் மலையடிவாரத்து ஊர். மரவள்ளி வந்து சில நூற்றாண்டுகள் கழித்து அதன் பூச்சி வந்தது, அதற்குப் பின்னால் பூச்சியின் எதிரியும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கொல்லையில் இருப்பவர் செய்யத்தக்கது எளிது. சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்துவிடலாம். கண்ட நஞ்சையும் தெளித்து, நமக்காக உழைக்கும் குளவியைக் கொல்லாமல் இருக்கலாம்.

பறம்பின் வள்ளி யாரும் நடாமல் தானே விளைந்தது. இன்றைய மரவள்ளி யாரோ ஒருவர் கொடுத்த குச்சியிலிருந்தே முளைக்கிறது. கல்வராயன் மலையில் ஒரு கட்டுக் குச்சியைக் கொடுப்பவர் அடுத்த ஆண்டின் கஞ்சியைக் கொடுக்கிறார். கவனமின்றிக் கொடுத்தால் அதே கட்டில் நோயும் போகிறது. கொடுப்பதை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. குச்சி கொடுக்கும்போது அது நின்ற செடியின் இலை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்பவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.